பங்குனி வெயிலுக்கு முன்னே போய் வரலாம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். சனி, ஞாயிறு வந்தால் இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது, எப்படிப் போவது? எங்கள் வீட்டிலும் ஐந்தரை வயதில் ஒருத்தி, இரண்டு வயதில் ஒருவன். திருவான்மியூரில் வாடகை வீடு. கார் கிடையாது. கணவருக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் சனிக்கிழமை லீவு. எங்களுக்குச் சரிப்பட்டு வந்ததை வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன். முதல் கடிதம் இது.

எங்களுக்கு நான்கு வயதில் மகன், ஒன்றரை வயதில் மகள். போன மாதம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முதலைப் பண்ணை, மாமல்லபுரம் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். பிள்ளைகள் இருவரும் அழுதுகொண்டே வர, நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். எங்கே தப்பு செய்தோம்?
– வாசகி, வேளச்சேரி

கிளம்பிய நேரத்தில்தான். மார்ச் மாதம் பத்து மணிக்கெல்லாம் சென்னையில் வெயில் ஏறிவிடும். ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டு மணி வாக்கில் தூக்கம் கண்ணைச் சொருகும். நீங்கள் மாமல்லபுரத்தில் இறங்கும்போது அவளுக்குத் தூக்கம், அவனுக்குப் பசி, உங்கள் இருவருக்கும் தலைவலி. யார் மீதும் குற்றம் இல்லை.

நாங்கள் காலை ஆறரைக்கு வாசலைத் தாண்டிவிடுவோம். பக்கத்து இடம் என்றால் ஒன்பதரைக்குத் திரும்பிவிடுவோம், தூரம் என்றால் பதினொன்றுக்குள். ஒரு காலைக்கு ஒரே இடம்தான். மாமல்லபுரமே போனாலும் அர்ச்சுனன் தபசு என்கிற அந்த ஒரு பாறை போதும். அங்கே நிஜ யானை உயரத்துக்கு யானைகள் நிற்கின்றன, அவற்றின் காலடியில் குட்டிகள். யானைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, அதைச் சுற்றி எலிகள். எங்கள் பெரியவள் அந்தப் பூனையைத் தானே கண்டுபிடித்தாள். கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் கடற்கரைக் கோயிலைப் பார்க்காமலே திரும்பிவிட்டோம். அவள் இன்னும் அந்தப் பூனையைப் பற்றிப் பேசுகிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போங்கள். பெரியவர்களுக்கு அது சலிப்பு, பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. இலக்கணத்தில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். சென்னையில் அந்த இரண்டு மாதமும் சின்னப் பிள்ளைகளோடு வெளியே சுற்றத் தோதுப்படாது. அதனால் எங்கள் வீட்டு இளவேனில் மாசிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை முதல் வாரத்தோடு முடிகிறது. அந்த ஆறேழு வாரத்தில் நான்கு முறையாவது எங்கள் தெருக்கோடிப் புங்கமரத்தடிக்குப் போய்விட்டுத்தான் கடற்கரைக்கு நடப்போம்.

மாசியில் அதன் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சருகு குவிந்து கிடந்தது. சின்னவன் அதில் விழுந்து புரண்டான். பெரியவள் அண்ணாந்து பார்த்து, "இது ஏன்மா மொட்டையா நிக்குது?" என்று கேட்டாள். இரண்டு வாரம் கழித்துப் போனால் எண்ணெய் தடவித் துடைத்த மாதிரி மினுமினுவென்று தளிர், அதன் வழியாகப் பச்சையாக இறங்குகிற வெளிச்சம். சித்திரை பிறந்ததும் தரை முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ. "பொரி கொட்டியிருக்கு" என்றாள். அந்தப் பொரி என்ற சொல்லை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் பழம்பாடல்களிலும் புங்கம்பூவுக்குப் பொரிதான் உவமை. ஒரே ஒருமுறை போயிருந்தால் அது அவளுக்கு வெறும் மரம்.

வெளியே போகும்போது பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம்? போன தடவை தயிர்சாதம் புளித்துப்போய் வீணானது.
– வாசகி, தாம்பரம்

சாதத்தைச் சூடாக இருக்கும்போதே நன்றாக மசித்துவிடுங்கள். காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றிக் கிளறி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேருங்கள். கிளம்பும்போது அது பால்சாதம், சாப்பிடும்போது தயிர்சாதம். அதுவும் பத்து, பதினொரு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இட்லியில் பெரியவளுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும், சின்னவனுக்கு நெய் மட்டும். இட்லி அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது.

தின்பண்டத்தில் கவனம் வேண்டும். திராட்சையை முழுசாகக் கொடுக்காதீர்கள், நீளவாக்கில் நான்காக நறுக்கி டப்பாவில் போடுங்கள். கடற்கரையில் விற்கிற வேர்க்கடலையும் பாப்கார்னும் ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு வேண்டாம். ஓடிக்கொண்டே மெல்லும்போது தொண்டையில் சிக்கிக்கொள்ளும். தண்ணீரை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி இரண்டு மடக்கு கொடுங்கள். ஆறு மாதம் ஆகாத, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற கைக்குழந்தை என்றால் தண்ணீர் தேவையே இல்லை. எவ்வளவு வெயிலாக இருந்தாலும் அடிக்கடி பால் கொடுத்தால் போதும்.

என்னிடம் இருப்பது ஒரு பைக்தான். முன்னால் மூன்று வயது மகன், பின்னால் மனைவி மடியில் எட்டு மாதக் குழந்தை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருகிறோம். உறவினர்கள் திட்டுகிறார்கள். காருக்கு வழி இல்லாதவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டுமா?
– வாசகர், அம்பத்தூர்

உங்கள் ஆதங்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நாங்களும் அப்படிப் போனவர்கள்தான். மத்திய கைலாஷ் பக்கம் ஒரு பஸ் சடாரென்று பிரேக் போட்டபோது பெரியவளின் நெற்றி ஹேண்டில்பாரில் இடித்தது. இரண்டு தையல். அன்றோடு நிறுத்திவிட்டோம். பைக்கில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் உட்காரலாம் என்பது சட்டம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளை ஏறினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, அதன் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் இரண்டும் இருக்க வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2022-ல் விதியே வந்துவிட்டது. நான்கு பேர் போக அது வண்டியே இல்லை.

ஆனால் நீங்கள் இருப்பது அம்பத்தூர். வாசலிலேயே மின்சார ரயில். மூன்று வயதுப் பிள்ளைக்கு ரயில் என்பது போகிற வழி இல்லை, போகிற இடமே அதுதான். ஐந்து வயது ஆகும்வரை டிக்கெட்டும் கிடையாது. ஞாயிறு காலை ஏறி, பட்டரவாக்கம், கொரட்டூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் அவனோடு சேர்ந்து படித்துக்கொண்டே போய் வில்லிவாக்கத்தில் இறங்குங்கள். அங்கிருந்து ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம் ஆட்டோ தூரம்தான். பழைய நீராவி எஞ்சின்கள் நிற்கின்றன. அவற்றின் சக்கரம் அவன் உயரத்தைவிட அதிகம். பக்கத்தில் நிறுத்தி அளந்து காட்டுங்கள். நம் ஊரில் ஓடுகிற ரயில் பெட்டிகளில் பலவும் 1955-லிருந்து இயங்குகிற அந்த ஐ.சி.எஃப். தொழிற்சாலையில்தான் உருவாகின்றன என்பதையும் சொல்லுங்கள். திரும்பும்போது தான் உட்கார்ந்து வருகிற பெட்டியை அவன் தட்டிப் பார்ப்பான்.

பஸ் என்றால் மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் மனைவிக்கு டிக்கெட் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜன்னல் சீட்டும் கிடைக்கும். பெரிய பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை இருக்கிறது, கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லிக் கேட்க உங்கள் மனைவி தயங்க வேண்டியதில்லை.

ஏப்ரல் நடுவில் நான்கு நாள் லீவு. வேடந்தாங்கல் போகலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

இந்த வருடம் வேண்டாம். பறவைகள் நவம்பரில் வரத் தொடங்கி, தண்ணீர் இருக்கிறவரை மார்ச் வாக்கில் தங்கும். ஏப்ரலில் பெரும்பாலும் ஏரி வற்றிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் போனால் தண்ணீருக்குள் நிற்கிற மரங்களில் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்துவது கரையில் நின்றாலே கேட்கும். அந்தப் பறவைகளுக்காகத்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஏப்ரல் லீவுக்கு ஒரு நாள் காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணை போதும். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

பாலவாக்கத்தில் இருக்கிறோம். காலையில் கடற்கரைக்குப் போனபோது செத்த ஆமை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. என் நான்கு வயது மகள் பார்த்துவிட்டாள். "ஆமை ஏம்மா எழுந்திரிக்கல?" என்று தினமும் கேட்கிறாள். தூங்குகிறது என்று சொல்லிவிட்டேன். இனிமேல் கடற்கரைக்கே அழைத்துப் போகக் கூடாதோ என்று தோன்றுகிறது.
– வாசகி, பாலவாக்கம்

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இறந்த ஆமைகள் ஒதுங்கியபோது எங்கள் பெரியவளும் ஒன்றைப் பார்த்தாள். அன்றைக்கு நான் என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் கண்ணை மூடினேன். அது தப்பு என்று இரண்டாம் நாளே தெரிந்தது.

"தூங்குகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ராத்திரி தானும் தூங்கப் போக வேண்டும் என்பதை அவள் யோசிப்பாள். செத்துவிட்டது என்றே சொல்லுங்கள். ஆமை கடலில் இருந்தாலும் மீன் மாதிரி இல்லை, நம்மைப் போல மூக்கால் காற்றை இழுக்கிறது, அதற்காக மேலே வந்து போகிறது. பெரிய இழுவலையில் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாது, மூச்சு முட்டிவிடும். எங்கள் பெரியவளுக்கு இவ்வளவையும் நான் சொன்னேன். "அப்ப வலைய அவுத்துவிடணும்" என்றாள். அப்படித் தப்பிக்க வழி வைத்த வலைகள் இருக்கின்றன என்று சொன்னேன். அதற்கப்புறம்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது அவளைக் கடற்கரைக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள், பங்குனி மாலையில். மீனவர்கள் இந்த ஆமையைப் பங்குனி ஆமை என்றே சொல்வார்கள். பொங்கல் சமயத்திலிருந்து தாய் ஆமைகள் ராத்திரியில் கரையேறி, மணலைத் தோண்டி, ஒரு குழிக்கு நூறு முட்டை வாக்கில் இட்டு மூடிவிட்டுத் திரும்பிவிடும். 1988-லிருந்து மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ராத்திரி முழுக்க நடந்து அந்த முட்டைகளை நாயிடமிருந்து காப்பாற்றிப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. 45 நாளிலிருந்து 60 நாளில் குஞ்சு வெளியே வரும். குழி எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்துத்தான் அது ஆணா பெண்ணா என்பதே முடிவாகும், சூடு கூடினால் பெண். அந்த ராத்திரி நடை சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. சாயங்காலம் குஞ்சுகளைக் கடலில் விடுவதுதான் நம் வேளை. எல்லா நாளும் பொரிக்காது, முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை நாங்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம். பெரியவளிடம் "இன்னைக்கு ஆமைக்குட்டி இன்னும் முட்டைக்குள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சோளம் வாங்கிக் கொடுத்தோம்.

மூன்றாம் தடவை கிடைத்தது. பொழுது சாய்ந்து மணல் ஆறத் தொடங்கியிருந்தது. கூட்டத்தைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கூடையைச் சாய்த்ததும் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஐம்பது அறுபது குஞ்சுகள். அவற்றை நேரே தண்ணீரில் விடுவதில்லை, மணலில் கொஞ்ச தூரம் நடக்கவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் போகிற இடத்தில் சின்னச் சைக்கிள் டயர் உருட்டிய மாதிரித் தடம். எங்கள் எதிரில் போன ஒன்று யாரோ விட்டுப்போன குதிகால் பள்ளத்தில் விழுந்துவிட்டது. ஏறுகிறது, சரிகிறது, ஏறுகிறது. சின்னவன் என் இடுப்பிலிருந்து, "வா... வா... வா..." என்றான். அவனுக்கு அன்றைக்குத் தெரிந்த நாலைந்து சொற்களில் அதுவும் ஒன்று. நான்காம் முறை ஏறிவிட்டது. அலை வந்து அதைத் தூக்கி மறுபடி பின்னால் எறிந்தது. அடுத்த அலையில் காணோம். பெரியவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அதோட அம்மா தண்ணிக்குள்ள நிக்குமா?" என்று கேட்டாள். இல்லை, அதுவே நீந்திப் போய் வளர்ந்து, பெண்ணாக இருந்தால் ஒருநாள் இந்தக் கரைப் பக்கமே முட்டையிட வரும் என்றேன்.

அங்கே மூன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குஞ்சைத் தொடக் கூடாது. போன் வெளிச்சம் கூடாது, ஏனென்றால் வெளிச்சமாக இருக்கிற பக்கம்தான் கடல் என்று நினைத்து அது நடக்கும். கயிற்றைத் தாண்டிப் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். ஒரு குழந்தையின் காலடிப் பள்ளமே அதற்குக் கிணறு.

மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது பாதுகாப்பா? என் மாமியார் அறுபத்து மூவர் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள்.
– வாசகி, கோடம்பாக்கம்

அத்தையின் ஆசை நியாயமானது. ஆனால் எட்டாம் நாள் அறுபத்து மூவர் பிற்பகல் வெயிலில், மாட வீதியே தெரியாத கூட்டத்தில் நடக்கும். அன்றைக்கு அவர்களை உங்கள் கணவர் அழைத்துப் போகட்டும். பிள்ளைகள் வீட்டில் தூங்கட்டும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஏழாம் நாள் தேருக்கு முந்தின நாள் காலை. தேரை அலங்கரித்துக்கொண்டிருப்பார்கள், சக்கரத்தின் பக்கத்திலேயே போய் நிற்கலாம், வடக்கயிற்றைத் தூக்கிப் பார்க்கலாம். எங்கள் பெரியவள் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தும் அந்தக் கயிறு அசையவில்லை. பிறகு வீதிக் கடையில் ஒரு செட் சொப்பு. பறக்கும் ரயிலில் வந்து திருமயிலையில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். சீக்கிரம் எழுந்திருக்கிற பிள்ளைகள் என்றால் மூன்றாம் நாள் விடியலில் அதிகார நந்தி புறப்பாட்டுக்கும் போகலாம். கூட்டம் இருக்கிற எந்த நாளானாலும் பிள்ளையின் முன்கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். சட்டைப்பையில் வைத்த காகிதம் விழுந்துவிடும்.

பூங்காவில் சின்னவளுக்குப் பால் கொடுத்துத் தூங்க வைக்க இருபது நிமிஷம் ஆகிறது. அதுவரை ஐந்து வயது மகனை உட்கார வைக்க போனைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வேறு வழி இருக்கிறதா?
– வாசகி, அண்ணா நகர்

இருக்கிறது. பூவரச மரம் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். சென்னையில் அது இல்லாத பூங்கா குறைவு. இதய வடிவ இலை, காலையில் மஞ்சளாகப் பூத்து மாலையில் சிவந்துவிடுகிற பூ. அந்தப் பூவைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பார்க்கச் சொன்னாலே ஒரு நாள் போய்விடும்.

அதன் இலையில் பீப்பி செய்ய என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே சொல்கிறேன். ரொம்பத் தளிரும் வேண்டாம், முற்றியதும் வேண்டாம், நடுத்தர இலையாக ஒன்று. காம்பைக் கிள்ளிவிடுங்கள். ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வாருங்கள், நடுவில் பென்சில் நுழைகிற அளவு ஓட்டை போதும். ஒரு முனையை மட்டும் இரண்டு விரலால் அழுத்தித் தட்டையாக்குங்கள். அந்த முனையை உதட்டுக்குள் வைத்து ஊத வேண்டும், பல் படக் கூடாது. முதல் பத்து இலை வெறும் காற்றுதான் வரும். உங்கள் மகன் பத்தையும் சுருட்டட்டும், நீங்கள் வாங்கிச் செய்து கொடுத்துவிடாதீர்கள். பெரிய இலை என்றால் நாதஸ்வரம் மாதிரித் தடித்த குரல், சின்ன இலை என்றால் கீச்சுக் குரல். இதை அவனே கண்டுபிடிப்பான். தூங்குகிற தங்கைக்காகப் பத்தடி தள்ளிப் போய் ஊதச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் நுங்கு வந்துவிடும். வாங்கும்போது நுங்கைத் தோண்டி எடுத்த வெறும் காய் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சும்மாவே தருவார்கள். ஒரு முழக் குச்சியின் இரண்டு முனையிலும் அவற்றைக் குத்தினால் சக்கரம். கவட்டையாகப் பிரிந்த நீளக் குச்சி ஒன்றை நடுவில் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. குத்துகிற வேலை மட்டும் பெரியவர்களுடையது.

பூவரச இலை வாடினால் சத்தம் வராது. வீடு வரை ஊத வேண்டும் என்று அடம் பிடித்தால் நாலைந்து இலையை ஈரக் கைக்குட்டையில் சுற்றி டிபன் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வரை தாங்கும்.